மாமா குடிக்காத மெஸ்கால்

1

இந்தக் கதை ஒரு முத்தத்தில் பிறந்தது என்று தொடங்கினால் அம்மா கொப்பியைக் கிழித்துவிடுவார். ஒரு போத்தலில் பிறந்தது என்றால் கிழித்து அடுப்பிலும் போடுவார். இரண்டும் உண்மை. ஆகவே வேறு தொடக்கம் தேடுகிறேன்.

‘கால்சாவில் அன்று மாலை கடற்காற்று உப்பைச் சுமந்துகொண்டு’ – இல்லை. அன்று காற்றே இல்லை. மீன் பெட்டி கழுவிய தண்ணீர்தான் மணத்தது.

‘1997ஆம் ஆண்டு, பெயர் ஒட்டாத ஒரு போத்தல் மெக்சிக்கோவிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தது.’ இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

முதலில் ஆட்கள். வலன்ரைன் மாமா, அம்மாவின் தம்பி. பலெர்மோவின் கடற்கரைப் பக்கம், கால்சாவில், எல்லோரும் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்று கூப்பிடுகிற தெரேசாவின் பாரில் அரைநேரம் குவளை கழுவுகிறவர். அவருடைய மனைவி இராசாத்தி மாமி இன்னும் மன்னாரில். மாமியை இங்கே அழைக்க விண்ணப்பிப்பதென்றால் மாமாவுக்கு முழுநேர வேலை வேண்டும்.

அதற்காக மாமா வெறுங்காலோடு மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தார்: இராசாத்தி வந்து இறங்கும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன். பக்கத்தில் நின்ற சாட்சி என் அம்மா, மாக்கிரட். புனிதை மறந்தாலும் அம்மா மறக்கமாட்டார்.

போத்தலைக் கொண்டுவந்தவர் சிஞ்ஞோராவின் தம்பி நீனோ. அது மெஸ்கால். ஆனைக்கற்றாழையின் அடியை மண்குழியில் சுட்டு, ஊறவைத்து வடிக்கிற சாராயம். அதைச் சுவைக்க நண்பர்களை அழைத்தார் சிஞ்ஞோரா. மாமாவிடம் சொன்னார்: “நீ ஊற்று. நீயும் சுவைத்து, என்ன சுவை என்று அவர்களுக்குச் சொல். முடிந்தால் முன்மேசையில் முழுநேர வேலை.”

மாமி வர வேலை வேண்டும். வேலைக்குக் குடிக்க வேண்டும். குடித்தால், மாமி வரவென்று வைத்த நேர்த்தி போய்விடும். (நான் இட்டுக்கட்டியிருந்தால் முடிச்சு இவ்வளவு வடிவாக விழுந்திருக்காது.)

3

ஓரமாக நிற்கிற ஒரு பெண்ணும் கதையில் உண்டு. பதினாறு வயது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் போய்விடும். பிறகு பள்ளிக்கூடம் போவதையே விட்டுவிட்டாள். இந்தப் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு தரம் வெட்டினேன். ஆனால் அம்மாவின் இத்தாலியன் சந்தையைத் தாண்டாது. மொழிபெயர்க்க ஒருத்தி வேண்டும். அதனால் அவளை, அதாவது என்னை, திரும்ப உள்ளே விடுகிறேன்.

4

சுவைக்கிற அன்று மாலை அம்மா மாமாவுக்குக் காவலாக பாருக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மீன் றோல்ஸ்.

“இது என்னத்துக்கு அக்கா?”

“குடிக்கிறவைக்கு. வெறும் வயித்திலை குடிச்சா எரியுமெல்லே.”

“எனக்கு?”

“நீ கிண்ணத்திலை வாய் வைச்சுப் பார். சாந்தா றொசாலியா மலையிலை நிக்கிறா. நான் இஞ்சை நிக்கிறன்.”

மாமா சிஞ்ஞோராவிடம் நேர்த்தியைச் சொன்னார். எந்தப் பலெர்மோக்காரி அந்தப் பெயரில் வைத்த நேர்த்தியை மீறச் சொல்வாள்? சிஞ்ஞோரா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். “அப்படியானால் குடிக்காதே. ஆனால் சுவை தெரியாதவனை எப்படி முன்னால் நிறுத்துவது?”

“என்னவாமடி?” என்றார் அம்மா. காதுக்குள் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்து, கைப்பையைக் கழற்றி என்னிடம் தந்தார்.

“நேர்த்தி வைச்சது அவன். நான் இல்லையே. எனக்கு ஊத்தச் சொல்லு.”

“அக்கா! நீங்கள் ஒருநாளும்—” *

“வாயைப் பொத்து. உன்ரை பெண்சாதிக்காகத்தான்.”

* என்னைப் பெற்றபோது கொடுத்த ஒரு கரண்டி பிறண்டி நீங்கலாக. அதையும் மருந்து என்றுதான் சொல்வார்.

5

நீனோ சின்ன மண்கிண்ணத்தில் ஊற்றினார். “ஒரே மூச்சில் குடிக்கக்கூடாது. முத்தம் கொடுப்பதுபோல உதட்டில் தொடவேண்டும். அம்மாவுக்குச் சொல்.”

முத்தம். அம்மாவிடம். மாமா பக்கத்தில் நிற்க. நான் சுவரைப் பார்த்தேன்.

நான் சொல்லாததை அம்மா தனக்குத் தெரிந்ததால் நிரப்பினார். கலியாண வீடுகளில் பின்வளவுக்குப் போகிற ஆண்களை அவர் பார்த்திருக்கிறார். மூக்கைப் பொத்தினார், ஒரே இழுவையில் இழுத்தார், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார், றோல்ஸில் ஒரு கடி கடித்தார்.

பிறகு இருமல். கண் நிறையத் தண்ணீர். விருந்தாளிகள் பதறி எழுந்துவிட்டார்கள்.

“என்ன சுவை?” என்றார் சிஞ்ஞோரா.

“மீன் றோல்ஸ்” என்றார் அம்மா.

(இங்கே முடிக்கலாம். மாமா கழுவுதொட்டிக்குத் திரும்பிப் போகிறார். எழுதிப் பார்த்தேன். அவருடைய முதுகு என்னை மேலே எழுதவிடவில்லை.)

6

“சிஞ்ஞோரா, இன்னொரு தரம் ஊற்றுங்கள்” என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். பிறகு அம்மாவிடம், எல்லோருக்கும் கேட்க:

“அம்மா, முத்தம் குடுக்கிற மாதிரிக் குடிக்கோணுமாம்.”

“ஆருக்கு?”

“கிண்ணத்துக்கு.”

“நல்லகாலம், உன்ரை அப்பர் வேலைக்குப் போயிட்டார்.”

முதலில் வெடித்துச் சிரித்தவர் மாமா. அம்மா கண்ணை மூடி உதட்டில் தொட்டார். பொறுத்தார். மறுபடி தொட்டார்.

“சுட்ட கத்தரிக்காய்த் தோல்.”

இத்தாலியனில் சொன்னேன்.

“பிறகு… ஈரச் சட்டையை அயன் பண்ணேக்கை முகத்திலை அடிக்கிற ஆவி.”

ஒரேத்தோத் தெருவில் ஒரு வீட்டில் அம்மா தேய்க்கிற சட்டைகளுக்கு முடிவே இல்லை. அதையும் சொன்னேன். விருந்தாளிகள் சிரித்தார்கள். பிறகு கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார்கள். “அட, சட்டைதான்!” என்றார் ஒருவர்.

மாமா அம்மாவின் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல், நீளமாக முகர்ந்தார். “கடைசியிலை தோடம்பழத் தோல் மாதிரி ஒண்டு நிக்குது, அக்கா.”

“பொறு.” அம்மா கிண்ணத்தைப் பறித்து இன்னொரு சின்ன முத்தம் கொடுத்தார். “ஓமடா!”

அதற்குப் பிறகு மாமாவுக்கு நான் தேவைப்படவில்லை. தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கத்தரிக்காய், சட்டை, தோடம்பழம் என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். சொல் கிடைக்காத இடத்தில் மேசையை அயன் பண்ணிக் காட்டினார்.

(நீனோ அம்மாவைக் கட்டிப்பிடித்ததாக இங்கே ஒரு வரி இருந்தது. நடந்ததுதான். ஆனாலும் வெட்டிவிட்டேன்.)

“திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா. முன்மேசைக்கு” என்றார் சிஞ்ஞோரா.

நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா சொன்னார்: “நான் தேய்ச்சுத் தாறன்.”

7

விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. போத்தலில் மிஞ்சிய இரண்டு விரல் உயரத்தை சிஞ்ஞோரா மேல்தட்டில் வைத்திருக்கிறார், இராசாத்தி மாமிக்கென்று.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மாமி விமான நிலையத்தில் இறங்கி, மாமாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து வேறு யாரோ என்று தாண்டிப் போகிறார். ஒன்றில் மெஸ்காலைத் துப்பிவிட்டு, இதற்காகவா இத்தனை பாடு என்கிறார். ஒன்றில் அம்மாவும் மாமியும் போத்தலை முடித்துவிட, நேர்த்தி தீர்ந்த மாமா வெறும் போத்தலை முகர்கிறார். மூன்றிலும் மாமி வந்துவிடுகிறார். வராத முடிவை நான் எழுதமாட்டேன்; நீங்களும் எழுதவேண்டாம்.

மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். ஒன்றுமட்டும். மாமிக்கு ஊற்றும்போது எப்படிக் குடிப்பது என்று யாராவது சொல்லவேண்டும். எல்லோருக்கும் முன்னால், உரக்க. நான் ஒரு தரம் சொல்லிவிட்டேன்.

இந்தமுறை நீங்கள்.