தண்ணீரை நிறுத்தியவள்

மலேசியாவின் பூச்சோங்கில் தண்ணீர் நின்றால் முதல் வசவு குகனுக்குத்தான். அவன் பம்ப் ஹவுஸில் ஷிப்ட் சூப்பர்வைசர் என்பது அவன் குடியிருக்கும் அடுக்குமாடி முழுக்கத் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் வந்தது வழக்கமான சிக்கல் இல்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெரிய மோட்டார் பட்டென்று நின்றுவிட்டது. இரண்டாவது பம்ப்போ சர்வீஸுக்காகப் பிரித்துக் கிடந்தது. மோட்டாரை நிறுத்தியது டிஃபரன்ஷியல் ரிலே, போன மாதம்தான் வந்த பாதுகாப்புக் கருவி. அதைப் பொருத்திச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் மாதவி. குகனின் மனைவி.

டெக்னீஷியன் சுகுமாறன் மோட்டாரின் வைண்டிங் கம்பிச் சுருளுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்துச் சோதித்தான். முள் நன்றாகவே காட்டியது.

"மோட்டார் ஓகே லா, அண்ணே. புது ரிலேதான் சும்மா பயப்படுது. ரீசெட் பண்ணி விட்டுடுங்க."

மேனேஜர் அந்தோனிப்பிள்ளையும் போனில் அதையேதான் சொன்னார். மேட்டுத் தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ரீசெட் சாவி சூப்பர்வைசரிடம்தான் இருக்கும். குகன் அதை நுழைத்தும்விட்டான். ஆனால் திருப்பக் கை வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டான்.

"தொடாதீங்க. வரேன்," என்றாள் மாதவி.

பாதி துவைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு, ஈரக் கையோடு வந்து நின்றாள். ரிலேயில் பதிவாகியிருந்ததை லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தாள்.

"உள்ள போன கரண்டும் வெளிய வந்த கரண்டும் ஒத்து வரல. பைப்புல இந்தப் பக்கம் ஊத்தினது அந்தப் பக்கம் வரலன்னா நடுவுல ஒழுகுதுன்னுதானே அர்த்தம்? மோட்டார் உள்ளயே போயிருக்கு."

"மீட்டர் நல்லா காட்டுதே அக்கா," என்றான் சுகுமாறன்.

"வைண்டிங்குக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவுலதான பாத்தீங்க? மூணு வைண்டிங்கும் கடைசியில ஒண்ணா கட்டியிருக்கு. அதுக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா இதுல தெரியாது. கட்டைப் பிரிச்சுத்தான் பாக்கணும்."

பிரிக்க நேரமாகும். அதற்குள் குழாய்கள் வறண்டுவிடும். மறுபடி போன் அடித்தது. ஸ்பீக்கரில் அந்தோனிப்பிள்ளையின் குரல் எல்லார் காதிலும் விழுந்தது.

"குகன், அங்க சூப்பர்வைசர் நீயா, உன் வைஃபா?"

குகனுக்குக் காது சுட்டது. மாதவி சொன்னது தப்பாகிவிட்டால் ஊருக்கும் தண்ணீர் இல்லை, இருவருக்கும் மானமும் இல்லை. 'பொண்டாட்டி பேச்சைக் கேட்டு' என்றே கடைசிவரை சிரிப்பார்கள். அவள் அவனைக் கெஞ்சவில்லை. இது தன் வேலை என்பதுபோல நேராக நின்றாள்.

குகன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான்தான் சார் சூப்பர்வைசர். அதான் போடல."

கட்டைப் பிரித்தார்கள். மூன்று வைண்டிங்கும் தனித்தனியானதும், இரண்டுக்கு நடுவே சுகுமாறன் மீட்டரை வைத்தான். முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான்.

"அக்கா, உள்ள போச்சு. இன்னொரு தடவை ஓட்டியிருந்தா?"

"முழுசா எரிஞ்சிருக்கும். பல மாசம் வேலை," என்று லேப்டாப்பை மூடினாள் மாதவி.

குகனுக்குத் தலைகால் புரியாத பெருமை. அத்தனை பேர் நடுவே அவளை எப்படிப் பாராட்டுவது என்று தெரியாமல், அவளுக்குப் பாலில்லாத தே ஓ டீ வாங்கிவரச் சுகுமாறனிடம் சொன்னான். பிறகு ஆட்களைத் திரட்டி இரண்டாவது பம்ப்பைப் பூட்டினான். சாயங்காலம் குழாய்களில் தண்ணீர் வந்தது. அந்தோனிப்பிள்ளை போனில் 'ஓகே' என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். அவரிடமிருந்து அதுவே அதிகம்.

இருவரும் வீடு திரும்பியபோது லிஃப்டில் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டி காலி வாளியோடு நின்றிருந்தார்.

"பகலெல்லாம் சமைக்க முடியல தம்பி. எந்த மகராசன் தண்ணிய நிறுத்தினது?"

வழக்கமாக இந்தக் கேள்விக்குக் குகன் மழையையோ மேலிடத்தையோ கை காட்டுவான். மாதவியும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"மகராசன் இல்ல ஆன்டி. இதோ, என் வைஃப்."

லிஃப்ட் கதவு திறந்தது. துணியைக் காயப்போட வேண்டும் என்று மாதவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.