சாவு எழுதிய முன்னுரை

மாசித் திங்களின் வெயில் தன் கடுமையைச் சற்றே மடக்கிக்கொண்டு மேற்றிசைக் குன்றுகளின் தோள்மீது சாயும் பொழுதில், பாப்பாரப்பட்டியை நோக்கி வருவோரின் கண்ணில் முதலிற் படுவது ஊரன்று; சாலையின் இருமருங்கும் கிளைகோத்து நிற்கும் புளியமரங்களே. காய் முற்றி ஓடு வெடித்து, காற்று அசைக்கும்போதெல்லாம் கலகலத்துச் சிரிக்கும் அம்மரங்களுக்கு அப்பால், கேழ்வரகு அறுத்த தாள் காய்ந்து கிடக்கும் புன்செய்களும், நீர் வற்றிப் பிளந்த ஏரிப்பரப்பும், பூத்துக் களைத்த மாந்தோப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாய் விரிந்து, பென்னாகரத்துக் காடுகளின் கருநீல விளிம்பிற் சென்று கரையும். முற்றந்தோறும் பெண்டிர் அமர்ந்து புளியை ஓடு தட்டிக் கொட்டை நீக்கும் ஓசை, உறங்கும் குழந்தையின் நெஞ்சொலிபோல் ஊர் முழுதும் சீராய்க் கேட்டுக்கொண்டிருக்கும். நூல்நயம் அறிந்த நல்லீர், இத்துணை அமைதி பொருந்திய ஊரில் அச்சம் வந்து குடியேற இடமேது என்று நீவிர் வினவலாம். அச்சத்திற்குப் பெரிய வாயில் வேண்டுவதில்லை. அமுதவல்லியின் வீட்டினுள் அது ஒரு பாட்டின் வழியே நுழைந்தது.

அமுதவல்லி அவ்வூர்ப் பள்ளியொன்றின் சத்துணவுக் கூடத்தை நடத்துபவள். இளமையிலேயே கணவனை இழந்து, கைக்குழந்தையாயிருந்த ஒரே மகளைத் தனியொருத்தியாய் வளர்த்துப் படிக்கவைத்தவள். அன்று மாலை அவள் வாயிலிற் செருப்பைக் கழற்றும்போது உள்ளறையிலிருந்து மகள் எழிலரசியின் குரல் எழுந்தது. மறுநாள் தருமபுரியில் நிகழவிருந்த நினைவுக் கூட்டத்திற்காக, அம்மகள் தன் தந்தையின் புகழ்பெற்ற பாட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா இருளே, வந்தென் வாயிலில் அமர்;
உன்மடி மீது தலையினைச் சாய்த்து
ஒருமுறை யேனும் உறங்கிட வேண்டும்.”

அதனை அடுத்து, தானே இயற்றிய பாட்டையும் சொன்னாள். அதில் ஒரு மகள், இருளின் மடியில் உறங்கும் தந்தையை நோக்கி, அருகில் எனக்கும் சற்றே இடம் விடுவாயா என்று இரந்தாள். அமுதவல்லி மற்றொரு செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே நுழைந்தாள்.

அத்தந்தையின் பெயர் தீர்த்தகிரி. அச்சகம் ஒன்றிற் பிழைதிருத்தும் பணிசெய்து, முப்பதை எட்டாமலே தொப்பூர்க் கணவாயில் ஒரு சரக்குந்து மோதி மாண்டவன். உயிரோடிருந்த நாளில் அவன் வெளியிட்ட ஒரே நூலை வாங்குவாரின்றி, கட்டவிழ்க்காத கட்டுகளாய்ப் பரண்மீது கறையான் தின்றது. அவன் இறந்தபின், அவனுடைய தோழரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவருமான மாதவராஜ் அந்நூலை மீண்டும் அச்சிட்டு, அதற்கு முன்னுரை ஒன்று வரைந்தார். ‘இவன் தன் இறுதிப் பாட்டை உயிரால் எழுதினான், வாழ்வைத் துறந்தே தன் சொல்லை மெய்யாக்கினான்’ என்று அம்முன்னுரை முழங்கிற்று. அன்றுமுதல் அவனுடைய ஒவ்வோர் அடியிலும் படிப்போர் சாவையே கண்டனர். மழையைப் பாடியிருந்தால் அது கண்ணீராயிற்று, ஆற்றைப் பாடியிருந்தால் அது மறுகரைக்கு அழைக்கும் குரலாயிற்று. பதிப்புகள் பெருகின. ஆண்டுதோறும் இளைஞர் கூட்டம் அக்கணவாயின் வளைவிற் சென்று மலர் வைத்து வணங்கலாயிற்று.

அமுதவல்லி மட்டும் தொடக்கமுதல் மறுத்தே வந்தாள். தன் கணவன் சாகப் போகவில்லை; உள்ளம் இருண்டு நலிந்த தன் நோய்க்கு மருந்து நாடிச் சேலத்து மருத்துவரைப் பார்த்துத் திரும்புகையில், பேருந்து உணவுக்கு நின்ற இடத்திற் சாலையைக் கடந்தபோது இறந்தான்; அதற்குச் சற்றுமுன் அண்டை வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, வந்ததும் குளிக்க வெந்நீர் போட்டு வைக்கச் சொன்னான் என்று கேட்டவர்க்கெல்லாம் சொன்னாள். கேட்டவர் தலையசைத்தனர், பாவம், குடும்பத்தின் மானத்தைக் காக்கின்றாள் என்று தமக்குள் முணுமுணுத்துக்கொண்டனர். வெந்நீரை விரும்பிய பாவலனைவிட இருளை விரும்பிய பாவலனே அவர்களுக்கு இனியவனாயிருந்தான்.

அவளுடைய மகளுக்கும் அவ்வாறே. கடந்த ஒரு திங்களாக எழிலரசி உண்பதைக் குறைத்திருந்தாள். உறக்கம் அவளை விட்டகன்றிருந்தது. தோழியரின் அழைப்புக்கு விடை சொல்வதில்லை. அவள் குளிக்கையில் நீர் விழும் ஓசை நின்றால் வெளியே தாயின் மூச்சும் நின்றது. கதவு திறந்த பின்னரே அது மீண்டது. பள்ளியில் பருப்பு வேகும்போதும், பிள்ளைகளின் தட்டுகளில் சோறு விழும்போதும், இப்பொழுது என் மகள் என்ன செய்கின்றாளோ என்னும் எண்ணம், புற்றுக்குள் தலை மறைத்த பாம்புபோல அவள் நெஞ்சில் நெளிந்தது.

அன்று மாலை அவள் மகளின் முன் சோற்றுத்தட்டை வைத்தாள். எழிலரசி அதனைத் தொடாமல், நெடுநேரம் சுவரை நோக்கியிருந்தாள். பின்னர், நாளை மழை வருமா என்று கேட்பவள்போல் மெல்லக் கேட்டாள்.

“ஏம்மா, அப்பா சாவாம இருந்திருந்தா அவர யாராச்சும் படிச்சிருப்பாங்களா?”

“சோறு ஆறிப் போவுது, துன்னு கண்ணு,” என்று மட்டும் சொல்லி, கண்ணை மறைக்க அமுதவல்லி அடுப்படிக்குள் நுழைந்தாள்.

மறுநாட் காலை தருமபுரிக் கூடம் நிறைந்து வழிந்தது. மலர்மாலை சூடிய தீர்த்தகிரியின் படம், என்றும் மூப்படையாத முகத்தோடு மேடையினின்று புன்னகைத்தது. எழிலரசி எழுந்து தன் பாட்டைப் படித்தாள். இடம் விடுவாயா என்னும் இறுதி அடியை அவள் சொல்லி முடித்த நொடியில், கூடம் முழுதும் எழுந்து நின்று கைகொட்டிற்று; சிலர் கண்ணீரைத் துடைத்தனர்; தந்தையே மகள் வடிவில் மீண்டான் என்றார் மாதவராஜ். அவ்வொலி அமுதவல்லியின் செவியில், காய்ந்த காட்டிற் பற்றிய தீயின் வெடிப்பெனக் கேட்டது. உணவுப் பந்தியில் அவள் இலைக்கு முன் அமர்ந்து நிமிர்ந்தபோது மகளின் இருக்கை வெறுமையாயிருந்தது. முற்றத்தில் இல்லை, படிக்கட்டில் இல்லை, கைப்பேசி அணைந்திருந்தது. வாயிலில் நின்ற பெண்ணொருத்தி, “அந்தப் புள்ள சேலம் பஸ்ஸுல ஏறிப் போவுதுங்க. தொப்பூருக்குன்னு சொல்லுச்சி,” என்றாள்.

இலையின் முன்னிருந்த மாதவராஜை அமுதவல்லி தோளைப் பற்றி எழுப்பினாள். அவருடைய மகிழுந்து தெற்கு நோக்கிப் பறந்தது.

“இன்னா தங்கச்சி, பசங்களோட சாயங்காலம் போறதுக்குப் பதிலா முன்னாடியே பூ வெக்கப் போயிருக்கும். இதுக்குப் போயி இப்பிடி நடுங்குறியே,” என்றார் அவர்.

“அண்ணா, அவ ஒரு மாசமா சரியா துன்றதில்ல, தூங்குறதில்ல. இன்னிக்கு அவ படிச்சப்ப நீங்க அத்தினி பேரும் எழுந்து நின்னு கை தட்டுனீங்க. எதுக்குத் தட்டுனீங்கன்னு நெனச்சிப் பாருங்க.”

மாதவராஜின் முகம் வெளிறிற்று. வண்டியின் விரைவு மிகுந்தது.

“அவரு சாவத்தான் போனாருன்னு உங்களுக்கு யாருண்ணா சொன்னது?”

“யாரும் சொல்லல தங்கச்சி,” என்றார் அவர், கண்ணைச் சாலையினின்று எடுக்காமல். “அப்பிடி எழுதுனாத்தான் அவனப் படிப்பாங்கன்னு தோணுச்சி. படிச்சாங்க.”

தொப்பூர்க் கணவாய் அவர்கள் முன் வாய்திறந்தது. இருபுறமும் முட்புதர் செறிந்த குன்றுகள் நெருங்கி நிற்க, அவற்றிடையே சாலை இறங்கி வளைந்து மறைய, பொறை சுமந்த சரக்குந்துகள் மதங்கொண்ட யானைநிரைபோல் பிளிறிக்கொண்டு சரிந்தன. ஒவ்வொரு வளைவிலும், அதற்கப்பால் காணப்போவது யாதோ என்று அமுதவல்லி இருக்கையின் விளிம்பிற்கு நகர்ந்து எட்டிப் பார்த்தாள். ஓரிடத்திற் சாலையோரம் மாந்தர் சிலர் கூடி நின்றனர்; அவளுக்கு இரு கண்ணும் இருண்டன. அருகணைந்து பார்க்க, தேங்காய் சிதறிய வண்டியொன்றைச் சூழ்ந்தவர்கள் அவர்கள். வண்டி மேலும் இறங்கிற்று. உணவுக்கடைகளின் வரிசைக்குச் சற்று அப்பால், சாலையை விட்டு விலகிய ஒரு புங்கமரத்தடியில், மடியிற் கைகளைக் கோத்துக்கொண்டு எழிலரசி அமர்ந்திருந்தாள். கொண்டுவந்த மலர்ப்பொதி அவிழ்க்கப்படாமல் அவள் காலடியிற் கிடந்தது.

அமுதவல்லி ஓடவில்லை, ஓடினால் மகள் பறவைபோல் பறந்துவிடுவாளோ என்று அஞ்சினாள். அடிமேல் அடிவைத்துச் சென்று, மகளின் அருகே தரையில் அமர்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் பொதிந்துகொண்டாள். அக்கை உச்சிவெயிலிலும் குளிர்ந்திருந்தது.

“எனக்கு பயமா இருக்குதும்மா,” என்றாள் எழிலரசி.

“எதப் பாத்து கண்ணு?”

“என்னப் பாத்தே. ஒன்னுமே வேணாம்னு தோணுது. அப்பாவுக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும், இதுலருந்துதான் பாட்டு வருதுன்னு நெனச்சிக்கினேன். இங்க வந்து பாத்தா ஒன்னுமே இல்லம்மா. பொகையும் ஆரன் சத்தமுந்தான். அப்பா இங்க நின்னு இன்னா நெனச்சிருப்பாரு?”

“வூட்டுக்குப் போவணும்னு நெனச்சிருப்பாரு. வேற இன்னா?”

பின்னர் அமுதவல்லி, யாரும் கேளாததால் இதுவரை எவர்க்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். “அந்த இருளே பாட்டு, நீ வயித்துல இருந்தப்ப எழுதுனது. எதிர்க்கம்பத்து வெளக்கு சன்னல் வழியா மூஞ்சியில அடிக்கும், எனக்குத் தூக்கமே வராது. கரண்டு போச்சின்னாத்தான் கண்ண மூடுவன். நான் கரண்டு எப்பப் போவும்னு பொலம்புறதப் பாத்துட்டு, சிரிச்சிக்கினே எழுதுனாரு. அதுல வர்ற ‘நான்’ நாந்தான். அதப் போயி சாவுப் பாட்டுன்றாங்க.”

எழிலரசி திரும்பித் தாயின் முகத்தை உற்றுநோக்கினாள்.

“மனசு இருண்டு கெடந்தாரே, அந்த நாலஞ்சி மாசத்துல உங்கப்பா ஒரு வரி எழுதல. பேனாவத் தொடல. அதுலருந்து ஒன்னும் வராது கண்ணு. அது நோவு. அது தெரிஞ்சிதான் அவராவே டாக்டரப் பாக்கப் போனாரு. நேத்து நீ ஒன்னு கேட்டியே? சாவாம இருந்திருந்தா படிச்சிருக்க மாட்டாங்க. ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா இருந்திருப்பாரு. உன்னத் தோள்ல தூக்கிக்கினு சந்தைக்குப் போயிருப்பாரு.”

அதுகாறும் கல்லாய் இறுகியிருந்த பெண், தாயின் தோளில் முகம் புதைத்து விம்மினாள். சாலையில் வண்டிகள் இடையறாது சென்றன. சற்றுத் தொலைவில் நின்ற மாதவராஜ், தம் கைகளை எங்கே வைப்பதென்று அறியாதவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

“நாளைக்குச் சேலம் போயி டாக்டரப் பாக்கலாம். வர்றியா?” என்றாள் அமுதவல்லி.

“நாளைக்கு வேணாம்மா. இப்பவே போலாம். எனக்கு நாளைக்குன்னு சொல்ல பயமா இருக்குது.”

ஆகவே அவர்கள் வீடு திரும்பவில்லை. கணவாயைக் கடந்து சேலம் நோக்கிச் சென்றனர். மாலையில் மருத்துவர் நெடுநேரம் அவளோடு பேசினார், மருந்து தந்தார், தனியே விடாதிருக்கச் சொன்னார். நலம், விதைத்த மறுநாளே முளைக்கும் பயிரன்று. சிலநாள் தளிர்த்தும் சிலநாள் வாடியும் எழிலரசி சிறுகச் சிறுக மீண்டாள். அத்திங்கள்களில் தாயின் பாயும் மகளின் பாயும் அடுத்தடுத்தே விரிக்கப்பட்டன. மகள் தட்டிற் சோறு மிஞ்சிய நாளெல்லாம் தாய்க்கு மீண்டும் அக்கணவாயே கண்முன் வளைந்தது.

மாதவராஜ் முன்னுரையை மாற்றி எழுதினார். தம் பிழையை ஒளிக்காமல் எழுதினார். ஆயினும் அடுத்த பதிப்பு வெளிவந்தபோது பழைய முன்னுரையே அதன் முகப்பில் நின்றது. படிப்போர் அதனையே விரும்புகின்றனர் என்றார் பதிப்பாளர். இளமையில் மாய்ந்த பாவலனின் பாட்டுக்கு உலகம் நெடிய வாழ்நாளை வாரி வழங்குகின்றது; அவ்வாழ்நாளிற் சிறுகூறேனும் அவன் உயிரோடிருக்கையில் அன்பாய் அவனை அடைந்ததில்லை என்பதை மட்டும் அது எண்ணுவதில்லை.

ஓராண்டு உருண்டது. நினைவுக் கூட்டத்தில் எழிலரசி மீண்டும் மேடையேறினாள். அவளே விரும்பி ஏறினாள். அவள் படித்தது, மருந்தின் மயக்கத்தில் உச்சிப்பொழுது வரை உறங்கும் பெண்ணொருத்தியைத் தாய் வைது எழுப்பும் பாட்டு. ஓரிரு மூலைகளிற் சிரிப்பு எழுந்தது. கைதட்டல் மெலிதாய்த் தோன்றி விரைவில் ஓய்ந்தது. யாரும் எழுந்து நிற்கவில்லை; யாரும் கண் துடைக்கவில்லை. அமுதவல்லிக்கு முன்வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன் தன் தோழனிடம் சாய்ந்து, “நல்லாத்தான் இருக்குது. ஆனா அவங்க அப்பாவோட ஆழம் இல்ல,” என்றான்.

மேடையில் எழிலரசி தாளை மடித்துக்கொண்டு, கூட்டத்திடையே தாயைத் தேடிக் கண்டு, இறங்கி வந்துகொண்டிருந்தாள். அமுதவல்லியின் நெஞ்சை விட்டு அச்சம் முற்றும் அகன்றிலது. அது இனி என்றும் அகலாது என்பதையும் அவள் அறிவாள். எனினும் அவ்விளைஞனின் சொல்லை அவள் மீண்டும் மீண்டும் தன்னுள் சொல்லிப் பார்த்தாள். ஆழத்தினின்று ஒருத்தியைக் கைபற்றி மேலே இழுத்தவளுக்கன்றோ, ஆழம் இல்லை என்னும் சொல்லின் இனிமை தெரியும்!