திவ்யா என்று அழுதார்கள்

போன் அடித்தபோது திவ்யா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். தெரியாத எண்.

"காவாந்தண்டலமா? திவ்யா வீட்டுலேர்ந்து பேசுறீங்களா?" என்றது ஓர் ஆண் குரல்.

"நான் திவ்யாதாங்க பேசுறேன்."

அந்த மனிதர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு மறுபடி வந்தார்.

"யம்மா, போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசுறேன். ஒரு கம்பெனி வேன்ல லாரி மோதிடுச்சு. அதுல திவ்யான்னு ஒரு பொண்ணு. வீட்டு நம்பர்னு இதைத்தான் குடுத்திருக்காங்க. நீங்க அந்தப் பொண்ணுக்கு யாரு?"

திவ்யாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அக்கா" என்றாள்.

"வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடும்மா" என்றார் அவர். அந்தக் குரல் அதற்குள் தணிந்திருந்தது. மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேனில் இருந்தவள் அவளுடைய தங்கை நிஷா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அவளுக்குப் பதினெட்டு நிறையவில்லை. ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் பதினெட்டு நிறையாதவர்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அந்த வேலைக்கு முதலில் தேர்வாகியிருந்தவள் திவ்யாதான். அதற்குள் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்து, வாந்தியும் மயக்கமுமாகப் படுத்துவிட்டாள். ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துவிடும் எல்லப்பன் வீட்டுக்கே வந்து வழி சொன்னான்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சா கீறீங்க. அக்கா ஆதார் கார்ட வெச்சுக்கினு சின்னது போவட்டும். வயசு ஆனதும் அது பேருக்கே மாத்தி வுட்டுடலாம். எத்தினி பேரு இப்டித்தான் போயினு கீறாங்க!"

அப்பா இறந்து நாலு வருஷமாகியிருந்தது. அம்மா மங்கம்மா சேற்றில் நின்று நாற்று நட்டு நட்டுக் கால் முழுக்கப் புண்ணாக்கி வைத்திருந்தாள். நிஷாவும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றாள். "ஏன்க்கா யோசிக்கிற? உன் பேர ஒண்ணும் கெடுத்துட மாட்டேன்" என்று சிரித்தாள். திவ்யா பீரோவைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்து நிஷா பேசுவாள். முதல் நாள் சூப்பர்வைசர் மூன்று தடவை "திவ்யா" என்று கூப்பிட்டும் அவள் திரும்பாததால், காது கேட்காத பெண்ணை எல்லப்பன் அனுப்பிவிட்டான் என்று அவர் திட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போகப் போக அந்தப் பெயர் அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு தடவை போனை எடுத்ததும் "நான் திவ்யா பேசுறேன்" என்றே அவள் ஆரம்பித்துவிட, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கம்பெனிச் சீருடையோடு பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திவ்யா அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கணவன் ஜான்சன் முன்னால் நடந்தான். கிட்ட வரும்போதே அழுகைச் சத்தம் கேட்டது.

"திவ்யா! எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே திவ்யா!"

திவ்யாவின் கால்கள் நின்றுவிட்டன. தன் சாவுக்குத் தானே வந்ததுபோல உடம்பெல்லாம் கூசியது. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

எல்லப்பன் எங்கிருந்தோ ஓடி வந்தான். அவளையும் ஜான்சனையும் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"இங்க நிஷான்ற பேரே வாயில வரக்கூடாது. வயசு கம்மி, ஆள் மாறாட்டம்னு தெரிஞ்சா போலீஸ் கேஸ் வேற மாரி பூடும். பாடியக் கூடக் குடுக்க மாட்டான். ரொம்பப் பேஜாரு. மொதல்ல பொண்ண வூட்டுக்குத் தூக்கினு போவலாம்."

"அதெப்டி..." என்று ஜான்சன் ஆரம்பித்தான்.

"நாள் கணக்கா அங்கியே கெடக்கட்டும்ன்றியா?"

ஜான்சன் தலையாட்டினான்.

ஆனால் மங்கம்மாவிடம் யார் இதைச் சொல்வது? அவள் மண்ணில் விழுந்து, "நிஷா, எம்மா நிஷா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பூஜா என்ற அந்தப் பெண் செய்யாற்றுக்காரி. நிஷாவோடு ஒரே அறையில் இருந்தவள்.

"அக்கா, அம்மா யாரச் சொல்லி அழுவுறாங்க? நிஷா யாரு?"

"அவதான். வூட்ல கூப்புட்ற பேரு" என்றாள் திவ்யா. சொல்லும்போதே நாக்கு கசந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் செல்லப்பெயராக்கிவிட்டாள்.

"எங்ககிட்ட சொல்லவே இல்லியேக்கா" என்று பூஜா மறுபடி அழ ஆரம்பித்தாள்.

போலீஸ்காரர் ஒருவர் காகிதங்களோடு வந்தார். இறந்தவர் பெயர் திவ்யா என்று வாய்விட்டுப் படித்தார். ஜான்சனிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீதான் கூடப் பொறந்தவளா? உன் பேரு இன்னாம்மா?"

எல்லப்பன் இருமினான். அம்மாவின் அழுகை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நிஷா" என்றாள் திவ்யா.

மறுநாள் காலை அடக்கம். ஹாஸ்டல் பெண்கள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு காலனிக்கு வந்தார்கள். வரும் வழியில் உத்திரமேரூரில் ஒரு பேனர் அடித்து எடுத்து வந்திருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று மேலே, நடுவில் நிஷா சிரிக்கிற படம், கீழே பெரிய எழுத்தில் திவ்யா. அதை அவர்கள் வேலிக்கம்பில் கட்டியதும் காலனிக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். உசுரோட கீறவ பேர போட்டு வெச்சுக்கீதுங்களே என்றாள் ஒருத்தி. அதுவும் வாயும் வயிறுமா கீறவ என்றாள் இன்னொருத்தி. ஜான்சன் வேகமாகப் போய் அவிழ்க்கப் பார்த்தான்.

"வுடுய்யா" என்றாள் திவ்யா. "அதுங்களுக்குத் தெரிஞ்ச பேரு அதான். அதுங்க இன்னா பண்ணும்?"

கல்லறைத் தோட்டத்துக்கு வேலிகாத்தான் புதர்களைத் தாண்டிப் போனார்கள். எல்லப்பன் போதகரிடம் ஏற்கெனவே பேசியிருந்தான். வெளியூர்ப் பெண்கள் போகும்வரை பெயர் வேண்டாம் என்று கெஞ்சியிருந்தான். அவரும் மனமில்லாமல் தலையாட்டியிருந்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். போதகர் வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, உம்முடைய மகளாகிய எங்கள் அன்புச் சகோதரியை..."

மகள் என்றார், சகோதரி என்றார், குழந்தை என்றார். ஒவ்வொரு முறையும் பெயர் வர வேண்டிய இடத்தில் சின்னதாகத் தடுக்கி, தாண்டிப் போனார். கண்ணை மூடியிருந்த திவ்யாவுக்கு ஒவ்வொரு தடுக்கலும் கேட்டது. பேனரில் தன் பெயர். காகிதத்தில் தன் பெயர். இங்கேயும் தங்கைக்கு ஒரு பெயர் இல்லையென்றால், யாரை இந்த மண்ணுக்குள் வைக்கிறார்கள்?

"பாஸ்டர்" என்றாள். ஜெபம் நின்றது. "பேரச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. நீங்கதான அவளுக்கு அந்தப் பேர வெச்சீங்க."

போதகர் எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பன் வேண்டாமென்று கையைக் கையை ஆட்டினான். திவ்யா காத்திருக்கவில்லை. சீருடைப் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினாள்.

"இவ பேரு நிஷா. செல்லப்பேரு இல்ல, நெஜப் பேரே அதான். திவ்யா நான். வயசு பத்தலன்னு என் பேர்ல வந்தா. நான்தான் குடுத்தேன்."

மங்கம்மா முதல் தடவையாக அழுகையை நிறுத்திவிட்டுப் பெரிய மகளைப் பார்த்தாள். போதகர் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜெபத்தை முதலில் இருந்து ஆரம்பித்தார். "எங்கள் மகள் நிஷாவை" என்று இந்தத் தடவை தடுமாறாமல் சொன்னார்.

மண் போடும்போது பூஜா திவ்யாவின் அருகே வந்தாள். கையில் மண்ணை வைத்துக்கொண்டு போடாமல் நின்றாள்.

"அவளுக்கு ஜனவரியில கேக் வெட்டினோம்க்கா. அவ ஒரு மாதிரியா இருந்தா. அது உங்க பொறந்த நாளா?"

"ம்."

"அவளுது எப்போ?"

"அடுத்த மாசம். பதினெட்டு முடியுது."

பூஜா மண்ணைப் போட்டாள். "நிஷா" என்று சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது யாரோ முன்பின் தெரியாத பெண்ணின் பெயர்போல் ஒலித்தது. அவளுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லப்பன் அன்று போனவன்தான், பிறகு கண்ணில் படவில்லை. போலீஸ்காரர்கள் வந்தார்கள், திட்டினார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். இறந்தது திவ்யா என்று பதிவாகிவிட்டதைத் திருத்த ஜான்சன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான். திவ்யாவும் நிறைமாத வயிற்றோடு போய் நின்று, தான் உயிரோடு இருப்பதாக மேசைக்கு மேசை சொன்னாள். வீட்டில் ஜான்சன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். கூப்பிட்டால் அவள் திடுக்கிடுவதைப் பார்த்திருந்தான். இப்போதெல்லாம் "இன்னாம்மே" என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூஜா பஸ் பிடித்து வந்தாள். நிஷாவின் துணிமணிகள், சீப்பு, பாதி தீர்ந்த பவுடர் டப்பா எல்லாம் ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். மங்கம்மா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். திறக்கவில்லை.

பூஜாதான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"கேன்டீன்ல சாம்பார் தண்ணியா இருக்கும்க்கா. ஒரு நாளு திவ்யா நேரா உள்ள போயி, அந்த அண்ணன்கிட்ட..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்கக்கா. எனக்கு வர மாட்டேங்குது. நிஷான்னு சொன்னா அவ மூஞ்சி ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

திவ்யா தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அப்டியே சொல்லு. நேரா உள்ள போயி திவ்யா இன்னா சொன்னா?"

பூஜா சொல்ல ஆரம்பித்தாள். மங்கம்மாவும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.