பெட்டிக்குப் பின்னால் மண்

பள்ளிக்கூடத்தை விட்டபின் வீடு பெருக்குவது என் வேலை. பெருக்குகிறவளுக்கு எந்தப் பூச்சி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். கரப்பானை நாற்றமே காட்டிக்கொடுக்கும். கட்டில் சந்தில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி.

நாற்பது நாள் நோன்பான தவசுகாலம் தொடங்கிய வாரம், மரப்பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. அந்தப் பெட்டியில் அக்கா ஞானசெல்வியின் கூறைப்புடவை இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பரிசத்தன்று கொடுத்தது. தவசில் கலியாணம் கிடையாது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாள் முடியும்வரை புதுத்துணியைத் தொடக்கூடாதென்று அம்மா பெட்டியைப் பூட்டி, சாவியை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"அம்மா, கரையான்."

"எறும்பு மண்ணு தள்ளியிருக்கும். கூட்டித் தள்ளு."

எறும்பு தள்ளிய மண் ஊதினால் பறக்கும். இது ஈரமாகச் சுவரோடு ஒட்டியிருந்தது. சுரண்டினேன். உள்ளே வெள்ளையாகப் பூச்சிகள் ஓடின. மறுநாள் கோடு மறுபடியும் இருந்தது. பெட்டியைத் தட்டினால் பொக்கென்று சத்தம். அதையும் சொன்னேன்.

"தவசுல பெட்டியத் தொறந்தா அவ வாழ்க்கைக்கு ஆகாது. சாம்பலப் போடு."

அப்பா பெரியாற்று அணை வேலைக்கு மலையேறியிருந்தார். திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கும் அலுப்பாக இருந்தது. சுரண்டினேன், சாம்பல் போட்டேன், மறுபடி சுரண்டினேன்.

அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு மொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏத்தா ஆரோக்கியம், உங்க சாமி உங்களத்தான பட்டினி கெடக்கச் சொன்னாக? கரையானையுமா சொன்னாக?"

அம்மா சாம்பல் சட்டியை என் பக்கம் தள்ளினாள்.

பாஸ்காவுக்கு ஒரு வாரம் முந்தின குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள், திருநாளுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தினோம். மொக்கம்மாளும் உதவிக்கு வந்திருந்தாள். அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கினோம். பெட்டி கையோடு வந்தது. அடிப்பலகை தரையிலேயே கிடந்தது, அதன்மேல் மண்ணோடு புடவை.

"நான் தொறக்கலையே" என்றாள் அம்மா.

"நீ தொறக்கல ஆத்தா. அதுவாத் தொறந்துக்கிருச்சு" என்றாள் மொக்கம்மாள், மெதுவாக.

அக்கா புடவையை உதறிப் பார்த்தாள். முந்தானை தப்பியிருந்தது. மறுமுனை முழுக்க ஓட்டை. "உள்கட்டுக்குள்ள போயிரும்மா. கோவில்ல யாரு பாக்கப் போறா?"

"மாப்பிள்ளையோட ஆத்தா பாத்துருவா." அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை.

அக்கா புடவையைக் கொடியில் போட்டாள். நான் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, புதுச் சுண்ணாம்பின் மேல் கோடு கொடிக்கயிற்றைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவே எழுந்து வந்து பார்த்தாள். குனிந்து ஊதினாள். மண் பறக்கவில்லை.

தவசு இன்னும் முடியவில்லை. அம்மா புடவையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியே சமைக்க அடுப்படிக்குப் போனாள்.