பூஜ்யத்துக்கு இடப்பக்கம்

சாமிதுரை அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சாயங்காலங்களில் குரும்பலூர் வீட்டிலேயே ட்யூஷன் எடுப்பார். பக்கவாதம் வந்தபின் இடது கை கொஞ்சம் துவண்டது. பேச்சு குழறவில்லை, ஞாபகம் போகவில்லை. தப்பித்துவிட்டார் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போனது மனைவி லீலாவதிக்கு மட்டும் தெரியும். தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்பார். சவரம் செய்தால் இடது கன்னம் அப்படியே இருக்கும்.

"கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. மூளைதான் அந்தப் பக்கத்தை எடுத்துக்க மாட்டேங்குது. சில பேருக்குச் சரியாகும்" என்று அவளிடம் தனியே சொன்னார் பெரம்பலூர் டாக்டர்.

லீலாவதி எதையும் அவரிடம் சொல்லவில்லை. தட்டை மட்டும் திருப்பி வைப்பாள்.

பள்ளிக்கு லீவு போட்டிருந்தாலும் ட்யூஷனை மறுபடி தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். அன்றைக்குப் பாடம், எண்களின் தனி மதிப்பு.

"பூஜ்யத்துலேர்ந்து ஒரு எண் எவ்வளவு தள்ளி இருக்கு, அதான் தனி மதிப்பு. எந்தப் பக்கம்னு கேக்காது. அஞ்சுக்கும் அஞ்சுதான், மைனஸ் அஞ்சுக்கும் அஞ்சுதான். அதனால தனி மதிப்பு அஞ்சு எதுக்குன்னு கேட்டா ரெண்டு விடை வரும். ஒண்ணை விட்டீங்கன்னா பாதி மார்க் போச்சு."

அடுப்படியில் இருந்த லீலாவதிக்கு அந்தப் பழைய குரலைக் கேட்டதும் கண் கலங்கியது. அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

அவர் கரும்பலகையின் நடுவில் பூஜ்யம் போட்டார். அங்கிருந்து வலப்பக்கமாகக் கோடு இழுத்து ஒன்று முதல் ஆறு வரை எழுதினார். ஐந்தை வட்டமிட்டுவிட்டுத் திரும்பினார்.

"ரெண்டு விடையும் தெரியுதா?"

வெற்றிச்செல்வி என்ற பெண் தயங்கி எழுந்தாள்.

"சார், மைனஸ் அஞ்சைப் போடலீங்க."

"போட்டிருக்கேன், நல்லாப் பாரு."

"இல்லீங்க சார்."

பின்னால் ஒரு பையன் சிரித்தான். சாமிதுரை பலகையைப் பார்த்தார். அவருக்கு அது முழுசாகத்தான் இருந்தது. லீலாவதி உள்ளே வந்து, அவர் தாடையைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். பாதிப் பலகை வெறுமையாகக் கிடந்தது.

"நான் எழுதலையா?"

"எழுதலீங்க" என்றாள் லீலாவதி.

பிள்ளைகளைப் போகச் சொன்னார். பிறகு லீலாவதியிடம் கேட்டார்.

"சாப்பாட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"ஏன் சொல்லல?"

"தட்டைத் திருப்பி வச்சா சாப்புட்டீங்க. அதுவே போதும்னு இருந்துட்டேன்."

"எனக்கு எது தெரியலைங்கிறதே எனக்குத் தெரிய மாட்டேங்குது, லீலா. இதை வச்சுக்கிட்டு எப்படிப் பாடம் நடத்துறது?"

மறுநாள் பிள்ளைகளின் வீடுகளுக்கு அவரே போன் செய்தார். "வேற எடத்துல சேத்துக்குங்க, எனக்கு ஒடம்பு முடியல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். வெற்றிச்செல்வியின் அப்பாவிடம் மட்டும், "நல்லாப் படிக்கிற புள்ள, விட்டுறாதீங்க" என்றார்.

போனை வைத்தார்.

"லீலா, எங்க போயிட்ட?"

அவள் அவருடைய இடது கையைப் பிடித்தபடி ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, நாற்காலியைச் சுற்றிப் போய், அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.