கழித்தல் சாந்தகுமாரியைக் கூப்பிட ஆளில்லை

லிஸ்ப் என்ற கணினி மொழியின் ஒரு வட்டார வழக்கில், வெக்டர்களுக்கான சின்னத் துணை நூலகம் ஒன்று இருக்கிறது. புத்தகம் கிடையாது, கணக்குப் போடுகிற ஆட்கள்தான். அதில் நான் கூட்டலாக வேலை பார்க்கிறேன். பெயர் சுயம்புலிங்கம். பக்கத்து மேஜையில் சாந்தகுமாரி, கழித்தல். எங்களுக்குச் சுவர் கிடையாது. இந்தப் பக்கம் ஒரு அடைப்புக்குறி, அந்தப் பக்கம் ஒரு அடைப்புக்குறி, அவ்வளவுதான். மழை வந்தால் கொஞ்சம் சாரல் அடிக்கும்.

வெக்டர் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எண்கள். வாடிக்கையாளர்கள் இரண்டு பெஞ்சைக் கொண்டுவந்து இறக்கி, வேலைக்கு ஏற்ற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாங்கள் செய்துகொடுப்போம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெருக்குகிறவர் வருவார். தோளில் சாக்கு, கையில் விளக்குமாறு. அந்த வாரம் யாரும் கூப்பிடாதவர்களைப் பெருக்கி எடுத்துப்போவது அவர் வேலை. கெட்ட மனுஷர் இல்லை. போன மாதம் பெருக்கல் பார்த்த ரங்கபாஷ்யத்தை எடுத்தபோதுகூட, அவருடைய சாப்பாட்டுக் கேரியரை மறக்காமல் சாக்கில் வைத்தார்.

இந்த வாரம் சாந்தகுமாரியை ஒருவரும் கூப்பிடவில்லை. காரணம் நான்தான், மறைப்பானேன். கழிக்க வந்தவர்களிடமெல்லாம், அந்தம்மா மெதுவாகத்தான் செய்யும், இரண்டாவது பெஞ்சுக்காரர்கள் தலையில் மைனஸ் தொப்பியை மாட்டிவிட்டால் நானே கூட்டிவிடுவேன், விடை ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லி மொத்த வாடிக்கையையும் என் பக்கம் இழுத்துவிட்டேன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குகிற கொழுப்பு. வெள்ளிக்கிழமை சாந்தகுமாரி இரண்டு கேரியரோடு வந்தாள். ஒன்று மத்தியானத்துக்கு, இன்னொன்று சாக்குக்குள் சாப்பிட. நானே அவளைக் கூப்பிட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன்.

நூலகத்து ஆளே கூப்பிட்டாலும் கூப்பிட்டதாகத்தான் அர்த்தம். ஆனால் கையில் வேலை இருக்க வேண்டும். மூன்றரைக்கு ஒருவர் வந்து, கூட்டச் சொல்லி இரண்டு பெஞ்சை இறக்கினார். இரண்டாவது பெஞ்சில் மூன்று, ஏழு, ஒன்பது உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் மைனஸ் தொப்பியை மாட்டி, பெஞ்சோடு தூக்கிப்போய் அவள் மேஜைக்கு முன்னால் வைத்தேன். மைனஸைக் கழித்தால் கூட்டின கணக்குதான்.

"சாந்தகுமாரி, இதை முதல் பெஞ்சுலேருந்து கழிச்சிடும்மா."

அவள் பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உங்க வேலையை எனக்குக் கொடுத்துட்டா அடுத்த வாரம் உங்களை எடுத்துட்டுப் போயிடுவாரேண்ணா" என்றவள், மூன்று தொப்பியையும் கழற்றிவிட்டு, சுயம்பு அண்ணா, கூட்டிடுங்க என்று பெஞ்சைத் திருப்பி அனுப்பினாள்.

நான் விடுவேனா? மறுபடி மாட்டி அனுப்பினேன். அவள் மறுபடி கழற்றி அனுப்பினாள்.

நாலு மணிக்குப் பெருக்குகிறவர் வந்தபோது பெஞ்சு அறுபத்தொன்றாவது தடவையாக என்னிடம் வந்திருந்தது. அவர் ஓரமாக நின்று கவனித்தார். நான் அவளைக் கூப்பிடுகிறேன், அவள் என்னைக் கூப்பிடுகிறாள். இரண்டு பேரையும் தொட வழியில்லை. அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து, தன்னையே பாதத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தார். அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. முழங்கால் வரை சாக்குக்குள் போய்விட்டது.

சாந்தகுமாரி பெஞ்சைப் பிடித்தபடியே அவர் பெயரைக் கேட்டாள். அந்தோணிமுத்து என்றார்.

"அந்தோணிமுத்தண்ணே, பெஞ்சு கனக்குது. ஒரு கை பிடிங்க."

அவர் முழங்காலை வெளியே எடுத்து மாட்டிக்கொண்டு, சாக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். திறந்து கிடந்த சாக்கிலிருந்து ரங்கபாஷ்யம் கேரியரோடு இறங்கி வந்து, தன் மேஜையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது. ஆனால் ஒரு ஆளுக்குத்தான் காணும். சாந்தகுமாரியின் இரண்டாவது கேரியரைச் சேர்த்தாலும் இரண்டு பேருக்குத்தான். வாடிக்கையாளரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர்.

நடுவில் உட்கார்ந்திருந்த ஏழு, தனக்கும் பசிக்கிறது என்றது. அப்போது அதன் தலையில் மைனஸ் தொப்பி இருந்தது. அது சாப்பிடச் சாப்பிட, கேரியரில் சோறு கூடிக்கொண்டே வந்தது. ஐந்து பேரும் இரண்டாம் தடவை ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.