மாமாவை வைத்துப் பன்னிரண்டு வாக்கியம்

மருமகளின் இங்கிலீஷ் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து அய்யாக்குட்டி கடையைத் திறந்தார். தோணிக்காரர்களுக்குத் தார் பூசிய கயிறு விற்கும் கடை. அறுபத்தெட்டு வயதில் அவர் செய்த முதல் களவு இது.

மகன் செந்தில்வேல் காய்ச்சலில் போய் இரண்டு வருடமாகிறது. மருமகள் செல்லக்கனி எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் தவறியவள். அதை எழுதித் தேறிவிட்டால், புதுத் துறைமுகம் திறந்திருக்கிற நேரம், கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை கிடைக்கும் என்று ஆதிலக்ஷ்மி டீச்சர் சொல்ல, சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் படிக்கப் போகிறாள். சொந்தத் தராசையே இரண்டு தடவை பார்க்கிற மனுஷன் டீச்சரையா நம்புவார்? அதிலும் ஒரு வாரமாக அவள் அடுப்படியில் நின்று சத்தமாகப் படிக்கும் ஒவ்வொரு வரியிலும் 'மாமா' வந்தது. மாமா ஓப்பன்ஸ் என்பாள், மாமா ஓப்பன்ட் என்பாள், நடுவில் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். மூன்றாம் வகுப்போடு நின்றவனை எதிரிலேயே வைத்துக்கொண்டு ஏசுகிறாள் என்று அவர் முடிவு கட்டினார். அது மட்டும் நிஜமென்றால், வெள்ளிக்கிழமையே ஆறுமுகநேரியில் இருக்கும் அவள் அப்பன் வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட வேண்டியதுதான்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் கிளாட்வின் கயிறு வாங்க வந்தான். நோட்டை அவன் முன் போட்டார்.

"ஏலே, இதுல என்னைய என்னன்னு வஞ்சிருக்கா? ஒண்ணு விடாம சொல்லு. பூசி மெழுகுனா கயிறு கெடையாது."

கிளாட்வின் புரட்டிவிட்டுச் சிரித்தான். "வையல அண்ணாச்சி. இது டென்ஸு. ஒரு வேலைய இப்பம் செய்யுதான், முன்ன செஞ்சான், இனிமே செய்வான்னு பன்னெண்டு விதமா எழுதணும்."

"காலம் மூணுதானலே? வெள்ளக்காரன் அதையும் பன்னெண்டாக்கிப்புட்டானா?"

"ஆமா. பன்னெண்டுலயும் நீங்கதான்."

"ஊருல வேற ஆளு இல்லியாக்கும்!"

"கேளும். மாமா கடை தொறக்காவ. மாமா இப்பம் சத்தம் போட்டுக்கிட்டு இருக்காவ."

"பாத்தியா!"

"பொறும் அண்ணாச்சி. மாமா நேத்து மீன் தலைய எனக்கு வச்சாவ. நான் படிச்சு முடிச்சு வார வரைக்கும் மாமா தெருமுக்குல காத்துக்கிட்டு இருந்தாவ."

தெருமுக்கில் அய்யாக்குட்டி நின்றது, யாரோடு பேசிக்கொண்டு வருகிறாள் என்று வேவு பார்க்க. அதைப்போய் இப்படி எழுதி வைத்திருக்கிறாள்.

கிளாட்வின் கடைசி வரியில் விரலை வைத்தான். "இது இனிமே உள்ளது. மாமா என்னைய எங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டாவ."

அய்யாக்குட்டி நோட்டின் மேல் குனிந்தார். "டீச்சர் அத தப்புன்னு அடிச்சிருக்காவளா?"

"இல்ல. சரின்னு போட்டிருக்காவ."

பெற்ற மகன்கூட அவரை இவ்வளவு நல்லவனாக நினைத்ததில்லை. யாருக்குக் கும்பிடு போடுவதென்று தெரியாமல், கிளாட்வினுக்குக் கயிற்றை இரண்டு முழம் கூடவே வெட்டிக் கொடுத்தார். அவன் போன பிறகு அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

மத்தியானம் வீட்டில் பெட்டி, பாய், அரிசிப்பானை எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. மறுநாள் பரீட்சை. செல்லக்கனி நோட்டைத் தேடிப் பாயை மறுபடியும் உதறிக்கொண்டிருந்தாள்.

"நாந்தாம்ளா எடுத்தேன்," என்று நோட்டை நீட்டினார். "வஞ்சிருக்கியோன்னு நெனச்சுட்டேன்."

"வையணும்னா தமிழ்லயே வஞ்சிருப்பேனே மாமா."

"செய்வ, செய்வ," என்று சொல்லி அவர் கை கழுவப் போனார்.

அவள் நோட்டைப் பிரித்தாள். கடைசி வரியின் பக்கத்தில், தார்க்கயிறு அளந்த கட்டைவிரல், ரேகையெல்லாம் தெரிய, கைநாட்டு வைத்த மாதிரி கறுப்பாகப் பதிந்திருந்தது. செல்லக்கனி அதை அழிக்கவில்லை. காயட்டும் என்று மெல்ல ஊதினாள்.